நீலியின் வழக்கு

பொய்யழுகைக்குத் தமிழில் ஒரு பெயர் உண்டு, அது நீலிக்கண்ணீர். அடுக்களையிலும் அரசியல் மேடையிலும் ஒருங்கே ஆளப்படும் சொல் இது. ஆயின் அந்த நீலி யார், எந்த அவையில் அழுதாள், எதன்பொருட்டு அழுதாள் என்று வினவினால் விடை கூறுவோர் சிலரே. சொல் நிலைத்துவிட்டது, அதனைப் பெற்ற கதை மங்கிவிட்டது. தமிழ்நாட்டுக்கு வெளியே பிறந்து வளரும் நம் பிள்ளைகளுக்கோ சொல்லும்கூட அரிதாகி வருகிறது. எனினும் அவர்கள் நீலியை அறியாதவர்கள் அல்லர். பழிவாங்கும் நாகினியாகவும், பூட்டிய அறைக்குள் சலங்கை ஒலிக்க ஆடும் ஆடல்மகளாகவும், இரவில் உலவும் யட்சியாகவும் அவளைத் திரையில் கண்டுகொண்டுதான் இருக்கிறார்கள்.

கொலை செய்பவளை, வஞ்சிப்பவளை, பேயாகவும் பாம்பாகவும் உருமாறுபவளைத் தலைவியாகக் கொண்ட இருண்ட காதற்கதைகள் நம்மை ஈர்ப்பதேன் என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா. இதற்கு இருவகை விடைகள் பொதுவாகக் கூறப்படுகின்றன. மக்களின் சுவை கெட்டுவிட்டது என்பது ஒன்று; அடங்கிக் கிடந்த பெண்ணாற்றல் வெளிப்படுகிறது என்பது மற்றொன்று. முதல் விடை வரலாற்றோடு பொருந்தவில்லை. இச்சுவை ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே நம்மிடம் இருந்தது. இரண்டாம் விடை கதைகளோடு பொருந்தவில்லை; இத்தலைவியருட் பலர் வஞ்சினம் முடித்த அளவிலே தாமும் அழிகின்றனர். அழிவை விடுதலை என்று கூறுதல் இயலாது. எனவே மூன்றாவதொரு விடையை நாம் தேட வேண்டியவர்களாகிறோம்.

பழையனூர்க் கதை

திருவள்ளூர் மாவட்டத்தில் திருவாலங்காட்டை அடுத்துள்ள ஊர் பழையனூர். ஏழாம் நூற்றாண்டினரான திருஞானசம்பந்தர் தம் ஆலங்காட்டுப் பதிகத்திலேயே நீலி கதையைக் குறிப்பாகச் சுட்டிச் செல்கிறார். விளக்கம் தராமலே சுட்டுவதால், அக்காலத்தே அது ஊரறிந்த கதையாக இருந்தது என்பது தெளிவு. பின்னர் உமாபதி சிவாசாரியாரின் சேக்கிழார் புராணம், வேளாளர் பெருமை பேசுமிடத்து இதனை எடுத்தாள்கிறது.

கதை பல வடிவங்களில் வழங்குகிறது. பரவலாக அறியப்பட்ட வடிவம் இது. காஞ்சியிலிருந்து காசிக்குச் சென்ற ஒருவன், தனக்கு ஏற்கெனவே மனைவி உண்டு என்பதை மறைத்து அங்கே ஒருத்தியை மணக்கிறான். அவளை அழைத்துக்கொண்டு ஊர் திரும்பும் வழியில், உண்மை வெளிப்பட்டுவிடும் என்று அஞ்சி, ஆலங்காட்டில் அவளைக் கொன்றுவிடுகிறான். மறுபிறவியில் அவன் வணிகன். அவள் நீலி என்னும் பேய். தீங்கு நேராமல் காக்கும் மந்திர வாளொன்றைக் கையிலேந்தி வணிகன் அவ்வழியே வருகிறான். நீலி மானிடப் பெண்ணுருக் கொள்கிறாள். கள்ளிக்கொம்பை ஒடித்துக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொள்கிறாள். தன் கணவன் தன்னைக் கைவிட்டு ஓடுகிறான் என்று பழையனூர் வேளாளர் அவையில் முறையிட்டு அழுகிறாள். குழந்தையோ வணிகனைக் கண்டு அப்பா என்று தாவுகிறது. இவள் பேய் என்று அவன் கதறியதை அவையோர் ஏற்கவில்லை. அவன் உயிருக்குத் தீங்கு நேர்ந்தால் தாங்கள் எழுபதின்மரும் உயிர் விடுவதாக வாக்களித்து, வாளை வாங்கி வைத்துக்கொண்டு, இருவரையும் ஓரிடத்தே தங்கச் செய்கின்றனர். விடிந்தபோது வணிகன் பிணமாகக் கிடந்தான். எழுபது வேளாளரும் சொன்ன சொல் தவறாது தீக்குழியில் இறங்கினர்.

இக்கதையில் மூன்று உண்மைகள் ஒருங்கே நிற்பதை நாம் காண வேண்டும். நீலிக்கு இழைக்கப்பட்ட கொடுமை உண்மை. நீலி இழைத்த கொடுமையும் உண்மை. தன் முற்பிறவியை அறியாத ஒருவனை அவள் கொன்றாள். தீர்ப்பு வழங்கியவர்கள் அத்தீர்ப்புக்கு விலை கொடுத்தனர் என்பதும் உண்மை. கேட்போனை எந்தப் பக்கமும் எளிதாகச் சாய்ந்துவிட இக்கதை விடுவதில்லை. நீலிக்காக இரங்கினால் எழுபது உயிர்கள் எதிரே நிற்கின்றன. அவளை வெறுத்தால் ஆலங்காட்டில் கொல்லப்பட்ட அந்தக் காசிப் பெண் எதிரே நிற்கிறாள்.

பழமொழியோ இம்மூன்றில் ஒன்றையே பற்றிக்கொண்டது. அலுவலகக் கோப்பொன்றில் மனு தொலைந்துபோய், மனுதாரர் நடத்தையைப் பற்றிய குறிப்பு மட்டும் எஞ்சி நிற்பதுண்டு. நீலிக்கண்ணீர் என்னும் சொல்லும் அத்தகைய குறிப்பே. அவள் கண்ணீர் பொய் என்பதை மொழி நினைவில் வைத்திருக்கிறது. அவள் வழக்கு மெய் என்பதை மறந்துவிட்டது. கண்ணீர் பொய்யாகவும் வழக்கு மெய்யாகவும் இருத்தல் கூடும். இருண்ட தலைவியரின் கதைகள் அனைத்தும் இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட இடத்திலேயே பிறக்கின்றன என்பது நம் கருத்து.

வாதாடும் பெண்கள்

நீலியைப் பழந்தமிழ்ப் புலவர்கள் பேயாகவே விட்டுவிடவில்லை. ஐஞ்சிறு காப்பியங்களுள் ஒன்றான நீலகேசி, இப்பழையனூர் நீலியையே தலைவியாகக் கொண்ட சமண நூல். பாஞ்சால நாட்டிலே முனிச்சந்திரர் என்னும் முனிவர் தெய்வத்துக்கு உயிர்ப்பலி இடுவதைத் தடுத்துவிடுகிறார். சினங்கொண்ட அவ்வூர்த் தெய்வம், அவரை அகற்றும்பொருட்டுத் தெற்கேயிருந்து பழையனூர் நீலியை வரவழைக்கிறது. நீலி அச்சுறுத்திப் பார்க்கிறாள், முனிவர் அசையவில்லை. அழகிய பெண்ணாகி மயக்கப் பார்க்கிறாள். அதற்கும் அவர் அசையவில்லை. இறுதியில் அவரிடமே அறங்கேட்டுச் சமணநெறி சேர்கிறாள். அதன்பின் நாடெங்கும் சென்று பிற சமயத்தாரை வாதில் வெல்கிறாள். 1936இல் பேராசிரியர் அ. சக்கரவர்த்தி அவர்கள் சமய திவாகர வாமன முனிவரின் உரையோடு இந்நூலைப் பதிப்பித்து வெளியிட்டார்கள்.

நீலகேசி வாதில் வென்றவர்களுள் ஒருத்தி குண்டலகேசி. ஐம்பெருங்காப்பியங்களுள் எண்ணப்படும் குண்டலகேசி என்னும் பௌத்த நூலின் தலைவி அவள். அந்நூலில் இன்று நமக்குக் கிடைப்பவை 19 பாடல்களே. கதையைப் பிற நூல்களாலும் உரையாலும் அறிகிறோம். வணிகர் மகளான பத்திரை, கொலைக்களத்துக்கு இட்டுச் செல்லப்படும் காளன் என்னும் கள்வனைக் கண்டு காதல் கொள்கிறாள். தந்தை அவனை மீட்டு மணம் முடித்து வைக்கிறார். பின்னொருநாள் ஊடலில் அவள் அவனைக் கள்வன் என்று கூறிவிடுகிறாள். அதை மனத்துள் வைத்திருந்தவன், அவளைக் கொல்லக் கருதி மலையுச்சிக்கு அழைத்துச் செல்கிறான். சாகுமுன் கணவனை வலம்வர வேண்டும் என்று அவள் வேண்டுகிறாள். பின்புறம் வந்தபோது அவனை மலையிலிருந்து தள்ளிவிடுகிறாள். பிறகு துறவு பூண்டு, ஊர்தோறும் நாவற்கிளை நட்டு வாதுக்கு அறைகூவுகிறாள்.

காதல், வஞ்சகம், கொலை என்னும் இன்றைய திரைக்கதைக் கூறுகள் அனைத்தும் இங்கே உள்ளன. ஆயினும் இவ்விரு காப்பியங்களிலும் நாம் ஊன்றி நோக்க வேண்டியது, கொலைக்கும் வஞ்சனைக்கும் பின் இப்பெண்கள் என்ன ஆகிறார்கள் என்பதையே. இருவரும் வாதாடுபவர்களாகிறார்கள். பேய்மகள் தருக்கநூல் வல்லவளாகிறாள். கணவனைக் கொன்றவள் அவைதோறும் சென்று வினா எழுப்புகிறாள். சமயப் பரப்பல் புலவர்களின் நோக்கமாக இருந்திருக்கலாம். அந்நோக்கத்துக்கு அவர்கள் தேர்ந்த குரல் யாருடையது என்பதே இங்குக் கருதற்குரியது. எந்தப் பெண்ணின் பேச்சை உலகம் கேட்க மறுக்குமோ, அந்தப் பெண்ணின் வாயிலேயே தருக்கத்தை வைத்தார்கள்.

இதில் நமக்கு விடையின் ஒரு பகுதி கிடைக்கிறது. இருண்ட தலைவியின் கவர்ச்சி அவள் கொடுமையில் இல்லை. அவளிடம் ஒரு வழக்கு இருக்கிறது. அது இதுவரை எந்த அவையிலும் எடுத்துக்கொள்ளப்படவில்லை. மாயமும் மறுபிறவியும் அவ்வழக்கை நடத்துவதற்கு வாய்த்த கருவிகள். உயிரோடு இருந்தபோது பேச முடியாதவள் பேயானபின் பேசுகிறாள். கேட்பவர் நாமாகிறோம்.

அயல்மொழி பேசும் பேய்

பல மொழிகளில் மீண்டும் மீண்டும் எடுக்கப்பட்ட ஒரு திரைக்கதையை இவ்விடத்தில் நோக்குவோம். 1993இல் பாசில் இயக்கிய 'மணிச்சித்திரத்தாழ்' என்னும் மலையாளப் படத்தில், பூட்டப்பட்ட மாளிகை அறையில் உறைவதாக நம்பப்படும் ஆடல்மகள் நாகவல்லி. அவளைக் கொண்டுவந்தவன் அவள் காதலைப் பொறாது அவளைக் கொன்றான். அம்மாளிகைக்கு வந்த கங்கை என்னும் இளம்பெண் அக்கதையில் மனம் தோய்ந்து, தானே நாகவல்லியாகி, வீட்டாரின் உயிருக்கு உலைவைப்பவளாகிறாள். கங்கையாக நடித்த ஷோபனா அதற்காகத் தேசிய விருது பெற்றார்.

அந்த நாகவல்லி தஞ்சாவூரிலிருந்து கொண்டுவரப்பட்ட தமிழ்ப்பெண். கேரளத்து மாளிகையில் பழிக்கு அழும் குரல் தமிழில் ஒலிக்கிறது. இதே கதை 2005இல் தமிழில் 'சந்திரமுகி'யாக வந்தபோது அவள் தெலுங்கு பேசும் ஆடல்மகளானாள். 2004இல் வெளிவந்த கன்னட 'ஆப்தமித்ரா'விலும் அவள் பாடுவது தெலுங்கிலேயே. 2007இல் இந்தியில் 'பூல் புலையா' வந்தபோது அவள் மஞ்சுளிகா என்னும் வங்கப்பெண்ணாக மாறினாள். ஒவ்வொரு மொழியாரும் தத்தம் மாளிகையின் பேயை அயல்மொழி பேச வைத்தனர். ஒருவரும் தம் மொழிப்பெண்ணை அந்த அறைக்குள் வைக்கவில்லை.

இது தற்செயலாக நிகழ்ந்ததன்று. நீலி கதையிலும் கொல்லப்பட்டவள் காசியிலிருந்து வந்தவள் என்பதை மேலே கண்டோம். வேற்றூரிலிருந்து வந்தவளுக்கு அவ்வூரில் சாட்சி இல்லை. அவள் பிறந்த வீடு தொலைவில் உள்ளது. அவள் மொழி அறிந்தவர் இல்லை. அவளுக்கு நேர்ந்ததைக் கேட்க வருவாரும் இல்லை. அநீதி இழைப்பதற்கு இவளினும் எளியவள் கிடைப்பதரிது. அவ்வாறு அநீதி இழைத்த ஊரே, இரவில் அவள் குரலைக் கேட்டு அஞ்சுகிறது. பேய்க்கதை என்பது பெரும்பாலும் ஊரின் மனச்சான்று பேசும் கதையே.

இப்படத்தின் முடிவும் நம் கருத்துக்கு அரண் செய்கிறது. மருத்துவர் நாகவல்லியை அடித்து விரட்டவில்லை. அவள் கொல்ல விரும்பியவனின் உருவப்பாவையை வைத்து, அவள் வஞ்சினம் நிறைவேறியதாக அவளையே நம்பச் செய்கிறார். அதன் பின்னரே கங்கை குணமடைகிறாள். நோய்க்கு மருந்தாக அமைந்தது தண்டனையன்று. வழக்குக்குக் கிடைத்த தீர்ப்பு. கோடிக்கணக்கானோர் பல மொழிகளில் இப்படத்தைக் கண்டு மகிழ்ந்தமைக்கு நகைச்சுவையும் பாட்டும் காரணமாகலாம். எனினும் இறுதியில் உண்டாகும் அந்த அமைதிக்கு, நாகவல்லியின் குறையை ஒருவர் செவிமடுத்தார் என்பதே காரணம்.

நந்தினியின் வாள்

மாயப்பேய் இல்லாமலே ஒரு நீலியைப் படைக்க முடியும் என்று காட்டியவர் கல்கி. 1950 முதல் 1954 வரை தொடராக வெளிவந்த 'பொன்னியின் செல்வ'னில் நந்தினி வரலாற்றுப் பாத்திரம் அல்லள். ஆதித்த கரிகாலன் கொலையைப் பற்றிப் பேசும் உடையார்குடிக் கல்வெட்டு கொலையாளிகளாகச் சுட்டுவது சோமன், ரவிதாசன் முதலிய ஆடவரையே. அரசியற்கொலை ஒன்றின் நடுவே கல்கி ஒரு பெண்ணை வைத்தார். அவளுக்கு ஒரு வழக்கையும் கொடுத்தார்.

அவ்வழக்கின் வலிமையை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். பழையாறையில் அரண்மனைப் பிள்ளைகளோடு வளர்ந்தவள். பிறப்பறியாதவள் என்பதால் அவ்விடத்தினின்று விலக்கப்பட்டவள். பின்னர் வீரபாண்டியனின் உயிரைக் காக்க அவள் கெஞ்சியபோது, முன்பு அவளைக் காதலித்த கரிகாலனே அவள் கண்முன் அவன் தலையை வெட்டுகிறான். மீன்சின்னம் பொறித்த வாளை வைத்து அவள் வஞ்சினம் கூறுகிறாள். முதியவரான பெரிய பழுவேட்டரையரை மணந்து, அரண்மனையின் மதிலுக்குள்ளிருந்தே சதி வலையைப் பின்னுகிறாள்.

குந்தவையின் அறிவும் வானதியின் பேதைமையும் பூங்குழலியின் துணிவும் வாசகர் மனத்தில் இனிய நினைவுகளாகத் தங்குகின்றன. நந்தினியோ ஒரு வினாவாகத் தங்குகிறாள். கரிகாலனைக் கொன்ற கை யாருடையது என்பதைக் கல்கி திட்டவட்டமாக முடித்து வைக்கவில்லை. அவளைக் குற்றவாளி என்று முத்திரை குத்தவுமில்லை. குற்றமற்றவள் என்று விடுவிக்கவுமில்லை. எழுபதாண்டுகளுக்கு மேலாகத் தமிழ்க்குடும்பங்களில் நந்தினியைப் பற்றிய வாதம் ஓயாதிருப்பதற்கு இதுவே காரணம் எனலாம். 2022இலும் 2023இலும் மணிரத்னம் இந்நாவலை இரு பகுதிகளாகத் திரைப்படமாக்கியபோது, தமிழ் படிக்கத் தெரியாத நம் வீட்டு இளையோரும் இவ்வாதத்தில் சேர்ந்துகொண்டனர். தீர்ப்பைத் தராமல் வழக்கை மட்டும் தருவது படைப்பாளனின் குறையன்று. தீர்ப்பெழுதும் பொறுப்பை நம்மிடம் ஒப்படைக்கும் நம்பிக்கை அது.

மருமகளாக வந்த நாகினி

வடபுலத்தில் இவ்வகைக் கதைகளுக்கு நாகினியே தலைவி. 1976இல் ராஜ்குமார் கோலி இயக்கிய இந்திப் படமான 'நாகின்', காதற்றுணையைக் கொன்ற மனிதர்களை ஒருவர் பின் ஒருவராகப் பழிதீர்க்கும் பாம்புப்பெண்ணின் கதை. அதுவே 1979இல் ஸ்ரீபிரியா நடிப்பில் 'நீயா?' என்னும் பெயரில் தமிழில் வந்தது. 1986இல் ஸ்ரீதேவி நடித்த 'நகீனா'வில், பழிவாங்க வந்தவளே காதலில் விழுகிறாள். 2015 நவம்பரில் ஒளிபரப்பாகத் தொடங்கிய 'நாகின்' தொலைக்காட்சித் தொடர் இம்மரபின் அண்மைக் கிளை. அது 'நாகினி'யாகத் தமிழிலும் குரல்மாற்றம் பெற்றது. ஆகவே வடக்கே மகள் இந்தியிலும், ஊரில் பாட்டி தமிழிலும் ஒரே கதையைக் கண்டு தொலைபேசியில் பேசிக்கொள்ளும் வாய்ப்பு ஏற்பட்டது.

இத்தொடரை எள்ளி நகையாடுதல் எளிது. பொருந்தாத வரைகலை, முடிவில்லாத திருப்பங்கள், இடிமுழக்க இசை ஆகிய அனைத்தும் அதில் உண்டு. ஆனால் அதன் கரு நகைக்கத்தக்கதன்று. பெற்றோரைக் கொன்றவர்களைத் தேடிவரும் சிவன்யா, அவர்கள் வீட்டுக்குள்ளேயே புகுந்து அவ்வீட்டு மகனை மணக்கிறாள். சுதா சந்திரன் ஏற்று நடித்த மாமியாரே கொடியவர்களுள் தலையாயவள். தலைகுனிந்து நிற்கும் மருமகளின் முக்காட்டுக்குள் நச்சுப்பல் இருக்கிறது என்னும் கற்பனை, பெண்களிடையே ஏன் இத்துணை வரவேற்புப் பெற்றது என்பதற்கு நீண்ட விளக்கம் வேண்டியதில்லை. ஒவ்வொரு மருமகளும் ஒருவகையில் வேற்றூரிலிருந்து வந்தவள்தான். அடங்கியிருப்பவள் ஆற்றலற்றவள் அல்லள் என்று அந்தக் கற்பனை அவளுக்கு ஆறுதல் கூறுகிறது.

ஆயினும் திறனாய்வு இவ்விடத்தில் நின்றுவிடலாகாது. ஆறுதல் தருவது ஒன்று. உண்மை காட்டுவது வேறொன்று. நாகினித் தொடரில் நாகினி கொல்பவர்கள் யாவரும் கொடியவர்களே. ஒருவன் மாண்டதும், அவனினும் கொடியவன் ஒருவன் கதைக்குள் வருகிறான். அவள் செயல்களில் எதுவும் நம்மை உறுத்துவதில்லை. வணிகனைப்போல ஒன்றுமறியாது இறப்பவர் கதையின் மையத்தில் இல்லை. வேளாளரைப்போலத் தீர்ப்புக்கு விலை கொடுப்பவரும் இல்லை. வழக்கு தொடுக்கப்படுமுன்பே தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது. நாம் கைதட்டுவதற்காக மட்டுமே அழைக்கப்படுகிறோம். இருண்ட தலைவியிடம் இருள் இல்லாமற்போனால், அவள் வேறோர் உடையணிந்த வழக்கமான தலைவியே ஆவாள். நீலி நம்மை ஆயிரமாண்டுகள் உறங்கவிடாமல் செய்தாள். நாகினி அடுத்த பகுதி வரும்வரைதான் நினைவில் நிற்கிறாள். இரண்டுக்குமுள்ள வேற்றுமை இதுவே.

இதற்கு மாற்றாக ஒரு முயற்சியையும் குறிப்பிடுதல் நேர்மையாகும். நாகர்கோவிலை அடுத்த கள்ளியங்காட்டோடு தொடர்புடைய மற்றொரு நீலி, தென்கோடித் தமிழருக்கும் மலையாளிகளுக்கும் பொதுவானவள். கொட்டாரத்தில் சங்குண்ணி தொகுத்த 'ஐதீகமாலை'யில், கடமற்றத்துக் கத்தனாரால் அடக்கப்படும் யட்சியாக அவள் வருகிறாள். 2025 ஆகஸ்டில் வெளிவந்த 'லோகா' என்னும் மலையாளப் படம் அவளைப் பெங்களூரில் தனித்து வாழும் சந்திரா என்னும் இளம்பெண்ணாகக் காட்டியது. கத்தனார் கதையில் நாம் அடக்கியவர் பக்கம் நின்றோம். இங்கே அவளுக்கும் அவள் குடிக்கும் நேர்ந்த கொடுமையை அவள் பக்கமிருந்தே அறிகிறோம். வேற்றூரிலிருந்து பிழைக்க வந்தவர்களால் நிறைந்த நகரமொன்றில், யாரும் அறியாத அயல்வீட்டுப் பெண்ணாக நீலியை வைத்தது பொருத்தமான கற்பனை. எனினும் அவளைக் காவல்தெய்வமாக்கும் ஆர்வத்தில், அவளிடம் இருந்த பழைய அச்சம் சற்றே குறைந்துவிடுகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

சாட்சியும் தீர்ப்பும்

இவ்வகைக் கதைகளை மதிப்பிட இதுவரை கண்டவற்றிலிருந்து ஓர் அளவுகோலைப் பெறலாம். தலைவிக்கு நேர்ந்த தீங்கைக் கதை மறைக்கிறதா? மறைத்தால் அது பெண்பழி பாடும் கதை. தலைவி செய்த தீங்கைக் கதை மறைக்கிறதா? மறைத்தால் அது முகமன் கூறும் கதை. இரண்டையும் மறைக்காமல் நம்முன் வைத்து, தீர்ப்பின் சுமையை நம்மையும் உணரச் செய்கிறதா? செய்தால் அது இலக்கியம். இவ்வளவுகோலால் நோக்க, பெயர் தெரியாத நாட்டார் வாய்மொழியில் பிறந்த நீலி கதை, பெரும்பொருட்செலவில் எடுக்கப்படும் பல படைப்புகளினும் உயர்ந்து நிற்கிறது.

காதல் இக்கதைகளில் ஏன் இன்றியமையாததாகிறது என்பதும் இதனால் விளங்கும். அன்பில்லாத இடத்தில் வஞ்சனைக்கும் இடமில்லை. நீலி மணந்தவனால் கொல்லப்பட்டாள். பத்திரை தன் தந்தை உயிர்மீட்டுத் தந்தவனாலேயே மலையுச்சிக்கு அழைத்துச் செல்லப்பட்டாள். நந்தினி தன்னை நேசித்தவனிடம் கெஞ்சித் தோற்றாள். பகைவன் செய்த தீங்கைப் போர்க்களத்தில் தீர்க்கலாம். நம்பியவன் செய்த தீங்கைத் தீர்க்க எந்த மன்றமும் இல்லை. அந்த மன்றம் இல்லாக் குறையைத்தான் கதை நிரப்புகிறது.

இவ்வாராய்ச்சி நூல்களோடும் திரைகளோடும் முடிந்துவிடுவதன்று. நம்மவருள் பல குடும்பங்களில், ஊரில் மணம் முடித்து, மொழி தெரியாத நகரத்தின் நான்காம் மாடிக்கு அழைத்துவரப்படும் பெண்கள் உண்டு. சுற்றமும் தோழியரும் ஆயிரம் கல் தொலைவில் இருக்க, அவளுக்கு நேர்வதைக் காணும் சாட்சி அவ்வீட்டாரன்றி வேறில்லை. அவள் ஒருநாள் அழுதால், அது நீலிக்கண்ணீர் என்று ஒரு சொல்லில் வழக்கை முடித்துவிடுவது எளிது. தமிழே அறியாத அயலாருக்கு அவள் அழுகையின் பொருள் தெரியாது. தமிழறிந்த நமக்கோ அவ்வழுகையைத் தள்ளிவிட ஒரு சொல் கைவசம் இருக்கிறது. மொழிச்செல்வம் இவ்வகையில் பயன்படுமானால் அது வருந்தத்தக்கது.

அழுபவர் அனைவரும் மெய்யே பேசுகின்றனர் என்பது நம் வாதமன்று. பழையனூர் அவையோர் அழுகையை மட்டும் கண்டு ஏமாந்தனர் என்பதும் கதையின் பாடமே. அவர்கள் செய்த பிழை அவளைக் கேட்டதன்று. வணிகனின் அச்சத்தையும் அவள் முறையீட்டையும் ஒருசேர நிறுத்தி ஆராயாமல், வாளை வாங்கிக்கொண்டு கதவை அடைத்ததே பிழை. ஆயினும் அவர்கள் பிறர்மீது பழிபோட்டுத் தப்பவில்லை. தம் தீர்ப்புக்குத் தாமே பொறுப்பேற்றனர். அவ்வளவு பொறுப்போடு ஒரு பெண்ணின் வழக்கைக் கேட்கும் அவை எங்குக் கிடைத்தாலும் அது போற்றத்தக்கதே.

நம் பெண்பிள்ளைகள் நாகினித் தொடரைப் பார்க்கிறார்கள் என்று பெற்றோர் கவலையுறுவதைக் கேட்கிறோம். தொலைக்காட்சியை நிறுத்துவதைவிடப் பயனுள்ள செயல் ஒன்றுண்டு. அருகில் அமர்ந்து நீலியின் கதையை முழுமையாகச் சொல்லலாம். கள்ளிக்கொம்புக் குழந்தையையும், எழுபது வேளாளரையும், அவற்றுக்கும் முன்னே ஆலங்காட்டு வழியில் கணவனை நம்பி நடந்துவந்த பெண்ணையும் விடாமல் சொல்லலாம். கேட்ட பிள்ளை, நீலி செய்தது சரியா என்று கேட்கும். உடனே விடை கூறாமல் அப்பிள்ளையையே எண்ணிப் பார்க்கச் சொல்லுவது நன்று.

நீலிக்கண்ணீர் என்னும் சொல்லை அகராதியிலிருந்து நீக்க வேண்டியதில்லை. அது நம் முன்னோர் தந்த சொல், இருக்கட்டும். அதனை ஒருவர்மேல் எறியுமுன், அந்தக் கண்ணீருக்குப் பின்னால் ஒரு காடும் ஒரு கொலையும் இருந்தன என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.